பதிவேட்டில் இல்லாத நோயாளிகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆரம்ப சுகாதாரத்துக்கான பணியாளர், மருந்து, நிதி ஆகியவற்றை எப்படிப் பங்கிடுவது நியாயம் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே பொருளில் அமைந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, மக்கள்தொகைக்கு ஏற்ப எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் மருந்தும் பணியாளரும் கொடுத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாதே? அதைவிட நியாயமான வழி இருக்கிறதா?

பதில்: குறை சொல்ல முடியாது என்பது ஓரளவு உண்மைதான், நிர்வாகங்களுக்கு அந்த முறை பிடித்திருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் வாயடைக்கும் பங்கீடு வேறு, நியாயமான பங்கீடு வேறு. ஒரே அளவு தேவை உள்ளவர்களுக்கு ஒரே அளவு கொடுப்பது நியாயத்தின் ஒரு பாதி. தேவை கூடுதலாக உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மறுபாதி. தலைக்கணக்கு முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

20,000 பேர் வாழும் இரண்டு பகுதிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன, பெரும்பாலோர் இளவயதினர். மற்றொன்றில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. வேலை தேடி இளையோர் வெளியேறிவிட, முதியவர்களும் குழந்தைகளும்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இரண்டு பகுதிகளுக்கும் நான்கு நான்கு செவிலியர்களை நியமித்தால் ஆணை சமமாகத்தான் தோன்றும். ஆனால் முதல் பகுதிச் செவிலியர் காலையில் கிளம்பினால் மாலைக்குள் முப்பது வீடுகளைப் பார்த்துவிடுவார். இரண்டாவது பகுதிச் செவிலியருக்கு எட்டாவது வீட்டை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த எட்டு வீடுகளில்தான் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டியவர்களும் அதிகமாக இருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில செலவுகள் தலைக்கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பிரசவம் பார்க்கும் நிலையம் என்றால், மாதத்துக்கு மூன்று பிரசவம் நடந்தாலும் முப்பது நடந்தாலும், இரவில் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே விழித்திருந்தாக வேண்டும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது தெரியாது. அதற்கு நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும். மக்கள் குறைவாக உள்ள இடத்தில் தலைக்கு ஆகும் செலவு கூடுவதை ஊதாரித்தனமாகப் பார்க்கும் தணிக்கைக் குறிப்புகள் இந்த எளிய உண்மையைத் தவறவிடுகின்றன.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். செல்வாக்கு உள்ளவர் கேட்டபடியெல்லாம் ஒதுக்கீடு நடக்கும் இடத்தில், தலைக்கணக்கே பெரிய முன்னேற்றம். அங்கே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வி: நான் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எத்தனை புறநோயாளிகள் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு மருந்து ஒதுக்குகிறார்கள். கூட்டம் அதிகம் வரும் பக்கத்து நிலையத்துக்குக் கூடுதலாகவும் எங்களுக்குக் குறைவாகவும் வருகிறது. எங்கள் பகுதியில் நோய் குறைவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்களைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என்ன செய்வது?

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமானது உங்களுடையதுதான் என்று கருதுகிறேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். புறநோயாளிகள் பதிவேட்டை வைத்து ஒதுக்குவது அந்தப் பழக்கத்தை அரசாணையாக்குவதற்கு ஒப்பானது. உங்கள் பதிவேட்டில் ஒரு நாளில் என்னென்ன எழுதப்படுகிறது? வரிசை எண், பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவருக்கு அதில் வரி இல்லை. ஒரு நாள் கூலியை இழந்து வர மனமில்லாதவருக்கும் இல்லை. சென்ற முறை யாரோ கடிந்து பேசியதால் இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவுசெய்த பெண்ணுக்கும் இல்லை. மருந்து குறைந்தால் வருகை குறையும், வருகை குறைந்தால் அடுத்த ஆண்டு மருந்து இன்னும் குறையும். யாரும் தீய எண்ணத்தோடு செய்யாமலேயே ஒரு நிலையம் இப்படி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகும்.

இது உங்கள் பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதை ஒரு விதியாகவே வகுத்தார்: நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் அளவு, மக்களின் தேவைக்கு நேர்மாறாக அமையும் போக்குடையது, மருத்துவம் சந்தையின் கையில் எவ்வளவுக்கு விடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த முரண் கூர்மையாகும். அவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோய் என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல், தம் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அனைவருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்துவிடுவது என்று கிளம்பினார். வராதவர்களைத் தேடிப் பிடித்தார். உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்னவர்களிடையே அழுத்தம் கூடியிருந்தவர்கள் வெளிப்பட்டது அப்படித்தான்.

நீங்களும் அதே வேலையைத் தாளில் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் பகுதியில் அந்த வயதில் 6,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2,000 பேருக்கு அழுத்தம் இருக்கக்கூடும். உங்கள் பதிவேட்டில் மாதந்தோறும் மாத்திரை வாங்குபவர்கள் 300 பேர் என்றால், 1,700 பேர் எங்கே என்பதுதான் நீங்கள் மேலிடத்தில் வைக்க வேண்டிய கேள்வி. சிலர் தனியாரிடம் மருந்து வாங்கக்கூடும். உங்கள் பகுதியின் விகிதமும் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கக்கூடும். அவற்றைக் கழித்தாலும் பெரிய இடைவெளி நிற்கும். கருவுற்ற பெண்களுக்கும் இப்படியே பிறப்பு விகிதத்திலிருந்து எத்தனை பேர் பதிவாகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பதிவானவர்களோடு ஒப்பிடலாம்.

இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. தனஹாஷி என்ற ஆய்வாளர் 1978இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு படிவரிசையை முன்வைத்தார். மருந்தும் பணியாளரும் இருக்கிறார்களா, மக்களால் அந்த இடத்துக்கு வந்துசேர முடிகிறதா, வர அவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா, உண்மையில் வந்தார்களா, வந்தவர்கள் பயனடைந்தார்களா என்று ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என எண்ணுவதே அது. ஒதுக்கீட்டுப் படிவங்கள் பொதுவாக முதல் படியையும் நான்காவது படியையும் மட்டுமே கேட்கின்றன. மக்கள் உதிர்வது பெரும்பாலும் இடையில் உள்ள இரண்டு படிகளில்தான்.

வருகையையோ செலவையோ தேவைக்கு அளவுகோலாக வைத்தால் கணினியும் தடுமாறும். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கண்டறிய அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு கணினி முறையை ஆராய்ந்து, 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அந்த முறை, ஒருவருக்கு ஆகக்கூடிய மருத்துவச் செலவை வைத்து அவருடைய தேவையை மதிப்பிட்டது. கறுப்பினத்தவர் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் நலமாக இருப்பதாக அது எண்ணிக்கொண்டது. இந்தக் கோளாறைச் சரிசெய்தால், கூடுதல் உதவிக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. உங்கள் மாவட்ட அலுவலகத்தின் மருந்துப் பட்டியலும், கணினி இல்லாமலேயே, இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது.

வராதவர்களையும் கணக்கில் கொள்ளும் அளவுகோலுக்கு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் ஏற்கெனவே மருத்துவமனைகள் உள்ள இடத்துக்கே பணம் போய்க்கொண்டிருந்த நிலையை மாற்ற அமைக்கப்பட்ட குழு, 1976இல் தந்த அறிக்கையில், மக்கள்தொகையின் வயது, பாலின அமைப்போடு இறப்பு விகிதத்தையும் சேர்த்து ஒதுக்கீட்டைக் கணக்கிடப் பரிந்துரைத்தது. மருத்துவமனைப் பக்கமே தலைகாட்டாதவருடைய இறப்பும் பதிவாகும் என்பது அந்த அளவுகோலின் வலிமை. மனநோயும் மூட்டுவலியும் போல, ஆளைக் கொல்லாமல் வாட்டும் நோய்கள் அதில் தெரியாது என்பது அதன் குறை. இறப்புகளே ஒழுங்காகப் பதிவாகாத இடங்களில் அதுவும் கைகொடுக்காது. அங்கே வீடு வீடாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: வசதி உள்ளவர்கள் அரசு நிலையங்களுக்கு வருவதில்லை. அப்படியிருக்க, அவற்றை ஏழைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகாது. யார் ஏழை என்று சரிபார்ப்பதற்கே ஆளும் பணமும் செலவாகும். சான்றிதழ் இல்லாத ஏழை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். குரல் உள்ளவர்கள் விலகிய இடத்தில் தரம் கேட்பாரின்றிக் கெடும். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், தேவை மிகுந்த இடத்தில் அதன் வலு கூடியிருக்க வேண்டும் என்பதே இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் தலைமையில் 2010இல் வெளியான அறிக்கையின் நிலைப்பாடு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

கேள்வி: பொருளாதார மாணவன் என்ற முறையில் கேட்கிறேன். இருக்கும் பணத்தில் அதிக உயிர்களைக் காப்பாற்றும் வழி எதுவோ அதற்குச் செலவிடுவதுதானே அறம்? தொலைவில் உள்ள சிலருக்காகப் பெருஞ்செலவு செய்தால், அதே பணத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய பலரைக் கைவிடுகிறோம் அல்லவா?

பதில்: கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. 1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா அட்டா நகரில் 134 நாடுகள் கூடி, நாடுகளுக்கு இடையிலும் நாடுகளுக்கு உள்ளேயும் மக்களின் உடல்நலத்தில் நிலவும் பெரும் ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தன. அதற்கு மறு ஆண்டே, எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை, ஆகவே செலவுக்கு அதிகப் பயன் தரும் சில சிகிச்சைகளை மட்டும் முதலில் கொடுப்போம் என்று வால்ஷ், வாரன் என்ற இருவர் எழுதினார்கள். குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கையும் முன்னிறுத்தி யுனிசெஃப் 1980களில் நடத்திய இயக்கம் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தது. அது ஏராளமான குழந்தைகளைப் பிழைக்கவைத்தது. அதை மறுப்பவர்கள் கொள்கைப் பிடிப்பில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பேன்.

ஆயினும் செலவு–பயன் கணக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சாட்சி. அங்கே ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது என்று 1990இல் வரிசைப்படுத்தியபோது, குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு மேலே பல்லுக்கு உறை போடுவது வந்து நின்றது. பல் உறை மலிவு, ஆகவே ஒரே செலவில் பலருக்குப் போடலாம், கணக்கில் பிழையில்லை. ஆனால் குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பவரிடம் அந்த வரிசையைக் காட்டி விளக்க யாராலும் இயலாது. பட்டியலைத் திரும்பப் பெற்று மாற்றினார்கள்.

ஆரம்ப சுகாதாரத்தைப் பொறுத்தவரை, சிக்கனமும் நியாயமும் பெரும்பாலான சமயங்களில் ஒரே திசையில்தான் போகின்றன என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே ஐந்து மருத்துவர் உள்ள இடத்துக்கு ஆறாமவர் போவதால் விளையும் நன்மையைவிட, ஒருவரும் இல்லாத இடத்துக்கு முதலாமவர் போவதால் விளையும் நன்மை பன்மடங்கு அதிகம். கோஸ்டாரிகா 1995 முதல் தன் ஆரம்ப சுகாதாரக் குழுக்களை அமைத்தபோது, வசதி குறைந்த பகுதிகளிலிருந்தே தொடங்கியது. புதிய வசதி எதுவும் முதலில் வாய்ப்புள்ளவர்களையே அடைகிறது, அதனால் ஏற்றத்தாழ்வு குறைவதற்கு முன்னால் கூடுகிறது என்று பிரேசிலின் சீசர் விக்டோராவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் சுட்டிக்காட்டினார்கள். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவது அந்தப் போக்கை எதிர்கொள்ளும் வழி.

சிக்கனமும் நியாயமும் உண்மையாகவே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். தட்டம்மைத் தடுப்பூசி பல இடங்களில் பத்துக் குழந்தைகளுக்கான அளவு கொண்ட குப்பியில் வருகிறது. உலர்ந்த மருந்தில் நீர்மத்தைக் கலந்துவிட்டால் அதிகம் போனால் ஆறு மணி நேரம். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சிறிய குடியிருப்பில் அன்று ஒரே ஒரு குழந்தைதான் வந்திருக்கிறது. குப்பியைத் திறந்தால் ஒன்பது அளவு வீண். மாத அறிக்கையில் விரயம் என்ற கட்டத்தில் அந்த எண் ஏறும், மேலதிகாரி கேட்பார். திறக்காவிட்டால், ‘அடுத்த முறை வாருங்கள்’ என்று தாயை அனுப்பிவைக்க வேண்டும். பெரிய ஊரில் இந்தச் சங்கடமே எழுவதில்லை, ஏனெனில் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்படியானால் சிறிய குடியிருப்புகளுக்கு விரய வரம்பைத் தளர்த்தி ஆணையிட வேண்டும். வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு செவிலியரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுவது நேர்மையன்று. ஒன்பது அளவின் விலை, அந்தக் குழந்தையை விட்டுவிடாமல் இருப்பதற்கான விலை. அதைக் கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு. எந்த விலையும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்பதற்குக் கணிதத்தில் விடை இல்லை, அதைக் கூடிப் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: இளம் மருத்துவர்களைக் கட்டாயமாகக் கிராமப் பணிக்கு அனுப்புவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி இல்லையா?

பதில்: பொதுப்பணத்தில் படித்தவரிடம் சில ஆண்டுப் பணியைக் கேட்பது அநீதி ஆகாது. தங்க இடமும் பாதுகாப்பும் இல்லாமல், அடிப்படைக் கருவிகள்கூட இல்லாமல், எப்போது திரும்பலாம் என்று சொல்லாமல் அனுப்புவது அநீதி. 2010இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் கண்ட கணக்கின்படி, உலக மக்களில் பாதிப்பேர் கிராமப்புறங்களில் வாழ்ந்தும், செவிலியரில் 38 விழுக்காட்டினரும் மருத்துவரில் கால்பங்குக்கும் குறைவானவர்களுமே அங்கே பணிபுரிந்தார்கள். கட்டாயம் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். தாய்லாந்து 1970களின் தொடக்கத்திலிருந்தே அந்த வழியைக் கையாண்டுவருகிறது. நிலைத்து நிற்பவர்கள் வேண்டுமானால் கிராமப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களை மருத்துவக் கல்விக்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பதே அந்த வழிகாட்டுதலின் முதல் பரிந்துரைகளில் ஒன்று. ஆள் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் புலம்பும் பலர், சேர்க்கை விதியில் கைவைக்கத் தயங்குவதை நான் கவனித்திருக்கிறேன்.

கேள்வி: உள்ளாட்சி உறுப்பினராக இருக்கிறேன். மொத்த நிதி கூடப்போவதில்லை. ஒரு நிலையத்துக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொன்றிலிருந்து எடுக்க வேண்டும். இழப்பவர்கள் சும்மா இருப்பார்களா? இதை யார், எப்படி முடிவுசெய்வது?

பதில்: சும்மா இருக்க மாட்டார்கள், இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. கூட்டம் நிரம்பிய நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை எடுத்தால், அங்கே வரிசையில் நிற்பவரும் ஏழைதான்.

நடைமுறையில் பலன் தந்த வழி, இருப்பதைப் பிடுங்காமல் இனி வருவதைத் திருப்பிவிடுவது. தாய்லாந்து 1982 முதல் 1986 வரை நகர்ப்புறப் பெரிய மருத்துவமனைகளில் புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தைக் கிராமப்புற மாவட்ட மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பியது. எந்த நகர மருத்துவமனையும் மூடப்படவில்லை. அவை அந்த ஐந்து ஆண்டுகள் வளரவில்லை, அவ்வளவே. உங்கள் அளவில் இதைச் செய்வதென்றால், அடுத்து நிரப்பப்படும் காலிப் பணியிடங்கள், அடுத்து வாங்கப்படும் வாகனம், அடுத்து கட்டப்படும் கட்டடம் ஆகியவை எங்கே போகும் என்பதைத் தேவைக் கணக்கின்படி முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் தம் முறை எப்போது வரும் என்று தெரிந்திருக்கும்.

முடிவெடுக்கும் முறையைப் பற்றி நார்மன் டேனியல்ஸ், ஜேம்ஸ் சேபின் ஆகிய இருவர் 1990களின் இறுதியில் வகுத்த நிபந்தனைகள் இன்றும் பயன்படுகின்றன. நியாயம் எது என்பதில் மக்களுக்குள் கருத்தொற்றுமை வராமல் போகலாம். ஆனால் முடிவும் அதன் காரணமும் எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும். அந்தக் காரணம் பாதிக்கப்படுபவரும் பொருத்தமானது என்று ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். புதிய தகவல் வந்தால் முறையிட்டு மாற்ற வழி வேண்டும். இவையெல்லாம் நடக்கின்றனவா என்று கண்காணிக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

உங்கள் மன்றத்தில் முதலில் அறிவிப்பை நடைமுறைப்படுத்துங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை பணியிடம், அதில் எத்தனை காலி, எவ்வளவு மருந்து, எந்தக் கணக்கின் அடிப்படையில் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லா நிலையங்களின் சுவரிலும் ஒட்டச் செய்யுங்கள்; தன் நிலையத்தின் எண்ணை மட்டும் ஒட்டுவதில் பயனில்லை, பக்கத்து நிலையத்தின் எண்ணும் அருகிலேயே இருந்தால்தான் கேள்வி பிறக்கும். முறையீடு நேரில் வந்து எழுதிக்கொடுப்பவருக்கு மட்டும் என்றிருந்தால், அதுவும் இன்னொரு புறநோயாளிகள் பதிவேடாகிவிடும். ஆகவே, மேலே எழுதிய செவிலியர் போன்றவர்கள் தம் பகுதியில் வந்துசேராதவர்களின் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை மன்றத்தின் முன் வைக்கவும், ஒதுக்கீட்டுத் தீர்மானம் நிறைவேறும் முன் அது விவாதிக்கப்படவும் விதி செய்யுங்கள். அந்தக் கணக்கு வராத ஆண்டில் தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள்.